பதின்ம வயதுப் பிள்ளையின் தூக்கத்தையும் மனத்தையும் மீட்பது எப்படி? பினாங்கு வீடு ஒன்றிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

காலை 6.25. கீழே வேன்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டார். நான்காம் படிவம் (பதினாறு வயதுப் பிள்ளைகளின் வகுப்பு) படிக்கும் என் மகனைக் காணோம் என்று குளியலறைக் கதவைத் தள்ளினால், வாயில் பிரஷ் இருக்க, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். பற்பசை நுரை மோவாயில் காய்ந்திருந்தது. "ராத்திரி பூரா போனு, காலையில இந்தக் கூத்து" என்று கத்தினேன். அவன் ஒன்றும் பேசவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு இறங்கிப் போனான். அன்று மதியம் பள்ளியின் ஆலோசனை ஆசிரியை போன் செய்தார். "உங்கள் மகன் இன்று வகுப்பில் அழுதான். காரணம் கேட்டால் தெரியாது என்கிறான்."

அதற்குப் பிறகு ஏறக்குறைய எட்டு மாதம் அவனோடு சேர்ந்து இதைச் சரிசெய்தோம். நான் டாக்டர் இல்லை. மலேசியாவில், பினாங்கின் பிறை வட்டாரத்தில் ஒரு பிளாட்டில் இருக்கும் அம்மா. அந்த ஆசிரியையும் அரசாங்க கிளினிக் டாக்டரும் சொன்னதையும், நாங்கள் வீட்டில் செய்து பார்த்ததையும், நான் தேடிப் படித்துத் தெளிந்ததையும் வரிசையாக எழுதுகிறேன். ஒவ்வொரு படிக்கும் ஒரு வாரமாவது கொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கினால் மூன்றாம் நாளே பிள்ளை அறைக்கதவைச் சாத்திக்கொள்ளும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பிள்ளை சாவைப் பற்றிப் பேசினாலோ, உடம்பில் வெட்டுக் காயம் தெரிந்தாலோ, இந்த வரிசையெல்லாம் வேண்டாம். நேராக மூன்றாம் படிக்குப் போங்கள்.

முதல் படி: இது சோம்பேறித்தனம் இல்லை என்று முதலில் நீங்கள் நம்புங்கள்

13 முதல் 18 வயது வரை ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். நம் வீடுகளில் பலர் "பெரிய பையனாயிட்டான், ஆறு மணி நேரம் போதும்" என்று நினைக்கிறோம். ஆறு மணி நேரம் பெரியவர்களுக்கே போதாது.

அடுத்தது உடல் கடிகாரம். இருட்டியதும் மூளையில் மெலட்டோனின் என்ற சுரப்பு ஏற ஆரம்பிக்கும். அதுதான் உடம்புக்கு "இரவு வந்துவிட்டது" என்று சொல்வது. பருவ வயதில் இந்தச் சுரப்பு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வரை பின்னுக்குத் தள்ளிப்போகிறது. பத்து வயதில் ஒன்பது மணிக்குச் சொக்கி விழுந்த அதே பிள்ளைக்குப் பதினாறு வயதில் பதினொரு மணிக்கும் கண் கொட்டக் கொட்ட விழித்திருக்க முடிவது இதனால்தான். உலகம் முழுக்க எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படித்தான்.

பினாங்கில் இதோடு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை 1982 ஜனவரி 1 முதல் அரை மணி நேரம் முன்னே நகர்த்தி, சபா சரவாக்கோடு ஒரே நேரமாக்கினார்கள். நாமோ மேற்குக் கரையில் இருக்கிறோம். அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவதே பகல் 1 மணிக்கு மேல்தான். ஆண்டு முழுவதும் காலை 7 மணிக்குப் பிறகுதான் சூரியன் எட்டிப் பார்க்கும், பிப்ரவரி வாக்கில் ஏழரையையும் தாண்டிவிடும். பிள்ளையை நாம் எழுப்புவது 5.45-க்கு. சூரியக் கணக்குப்படி பார்த்தால் அது நடுச்சாமம் கழிந்து நாலரை மணி! கும்மிருட்டில் எழுந்து, இருட்டில் வேன் ஏறி, வெளிச்சம் வருவதற்குள் வகுப்பில் உட்கார்ந்துவிடுகிறான். உடல் கடிகாரத்தைச் சரிசெய்யும் மருந்தே காலை வெளிச்சம்தான், அது அவனுக்குக் கிடைப்பதே இல்லை.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014-லேயே, இடைநிலைப்பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. நம் பள்ளி நேரத்தை நாளைக்கே நாம் மாற்ற முடியாதுதான். ஆனால் அவன் எழ முடியாமல் தவிப்பதற்குக் காரணம் அவன் குணம் இல்லை என்று தெரிந்தால், காலையில் நம் குரல் தானாக இறங்கிவிடும். என் குரல் இறங்கியது.

இரண்டாம் படி: ஒரு வாரம் எழுதுங்கள், எதையும் திருத்தாதீர்கள்

ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தின் பின்பக்கம் போதும். செயலி, கைக்கடிகாரம் எதுவும் தேவையில்லை. அதிலும் தூக்கத்துக்கு மதிப்பெண் போடும் கைக்கடிகாரங்களை நான் வேண்டாம் என்பேன். "நேற்று 54 மதிப்பெண்தான்" என்று பார்த்துவிட்டு அந்தப் பதற்றத்திலேயே பிள்ளைக்குத் தூக்கம் போகும்.

தினமும் காலையில் பிள்ளையே எழுத வேண்டியவை:

- விளக்கை அணைத்த நேரம், தூங்கியிருக்கலாம் என்று தோன்றும் நேரம்
- நடுவில் விழித்தது எத்தனை முறை
- எழுந்த நேரம்
- முந்தின நாள் பகலில் தூங்கியது எப்போது, எவ்வளவு நேரம்
- தே (தேநீர்), கோப்பி, எனர்ஜி டிரிங்க் குடித்த நேரம்
- மனசு எப்படி இருக்கிறது, 10-க்கு எத்தனை

நேரம் தோராயமாக இருந்தால் போதும். அடிக்கடி கடிகாரம் பார்த்தால் தூக்கம் இன்னும் கெடும்.

என் மகனுடைய முதல் வாரப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பள்ளி நாட்களில் ஏறக்குறைய 12.50-க்குத் தூக்கம், 5.45-க்கு எழுச்சி. ஐந்து மணி நேரம்கூட இல்லை. பள்ளி விட்டு வந்து மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை சோபாவில் குப்புறத் தூக்கம். சனி, ஞாயிறு விடிகாலை 3 மணிக்குப் படுத்து மதியம் 12 மணிக்கு எழுந்திருக்கிறான். இரண்டு வகை இரவுகளிலும் தூங்கிய நேரத்துக்கும் எழுந்த நேரத்துக்கும் நடுப்புள்ளியை எடுத்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பாருங்கள். அவனுக்கு நான்கு மணி நேர வித்தியாசம் வந்தது. வாரா வாரம் வெள்ளிக்கிழமை, நம்மைவிட நான்கு மணி நேரம் பின்னால் இருக்கும் துபாய்க்குப் பறந்துபோய், திங்கட்கிழமை விடிகாலை திரும்பி வந்த உடம்பு அது. திங்கட்கிழமை அவன் மனசுக்குப் போட்டிருந்த எண் 2. வெள்ளிக்கிழமை 5.

அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் என் கணவர், "நான் நைட் ஷிப்ட் மாறுற வாரம் எனக்கு இப்படித்தான் இருக்கும்" என்றார். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்ப்பவர் அவர். அன்றோடு அவர் மகனைத் திட்டுவதை நிறுத்தினார்.

மூன்றாம் படி: மனசைக் கேளுங்கள்

தூக்கம் கெட்டால் மனசு கெடும், மனசு கெட்டால் தூக்கம் கெடும். எது முதலில் வந்தது என்று பல சமயம் கண்டுபிடிக்கவே முடியாது, கண்டுபிடிக்கத் தேவையும் இல்லை. தூக்கம் குறைந்தால், பயம், கோபம் போன்ற உணர்ச்சிகளைக் கிளப்பும் மூளைப்பகுதி மிகையாகக் கொதிக்கும். அதை அடக்கி நிதானப்படுத்தும் முன்மூளையின் பிடி தளரும். கனவுத் தூக்கம் பெரும்பாலும் விடிகாலைப் பகுதியில்தான் வரும். அன்றைய மனக்காயங்களை ஆற்றுவதில் அதற்கும் பங்கு உண்டு என்கிறார்கள். 5.45-க்கு எழுப்பும்போது நாம் வெட்டி எறிவது அந்தப் பகுதியைத்தான்.

இது ஏதோ ஒரு வீட்டுப் பிரச்சினை இல்லை. சுகாதார அமைச்சு 2022-இல் பதின்ம வயதினரிடம் நடத்திய தேசிய ஆய்வில், ஏறக்குறைய நான்கு மாணவர்களில் ஒருவர் மனச்சோர்வு அடையாளங்களோடு இருந்தது தெரியவந்தது. நாற்பது பேர் வகுப்பில் பத்துப் பேர்.

எப்படிக் கேட்பது? எதிரே உட்கார வைத்து விசாரிக்காதீர்கள். காரில் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது, துணி மடிக்கும்போது, ரொட்டி சானாய் வாங்க நடக்கும்போது கேளுங்கள். நான் இப்படிக் கேட்டேன்: "தம்பி, உன்னைத் திட்டறதுக்கு இல்ல. ராத்திரி படுத்ததும் மனசுக்குள்ள என்னதான் ஓடுது?"

"தெரியலம்மா" என்றான். விட்டுவிட்டேன். மூன்று நாள் கழித்து, நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தபோது அவனாகவே வந்து ஐஸ்பெட்டியில் சாய்ந்து நின்றான். பிறகு மெதுவாகச் சொன்னான். நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவனை நீக்கியிருக்கிறார்கள். இரவு ஒரு மணி வரை அவன் போனில் பார்த்துக்கொண்டிருந்தது, திரும்பச் சேர்த்துவிட்டார்களா என்றுதான். ஒரு விளையாட்டும் இல்லை, ஒரு படமும் இல்லை. முதல் நாளே போனைப் பிடுங்கி வைத்திருந்தால் இது எனக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது.

அப்புறம் கேட்கவே கஷ்டமான அந்தக் கேள்வியையும் கேட்க வேண்டும்: "உயிரோட இருக்கவே வேணாம்னு எப்பவாவது தோணியிருக்கா?" கேட்டால் இல்லாத எண்ணம் முளைத்துவிடும் என்று நானும் பயந்தேன். அப்படி முளைக்காது. கேட்பதால் பிள்ளைக்குப் பாரம் இறங்குகிறது என்றுதான் இத்துறையில் இருப்பவர்கள் அத்தனை பேரும் சொல்கிறார்கள்.

பதில் "ஆமாம்" என்று வந்தால் அழாதீர்கள், அதட்டாதீர்கள், "உனக்கு என்ன குறை வச்சோம்" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "சொன்னதுக்கு நன்றிப்பா, நான் இருக்கேன்" என்று சொல்லிப் பக்கத்திலேயே இருங்கள். வீட்டில் இருக்கும் மாத்திரை, பூச்சி மருந்தையெல்லாம் பூட்டி வையுங்கள். பிள்ளையைத் தனியாக விடாமல் அன்றே ஆளைக் கூப்பிடுங்கள். மனம் நொந்தவர்களிடம் பேசும் தொண்டு அமைப்பான பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர், 03-7627 2929, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் 15555. அரசாங்கத்தின் குடும்ப உதவி எண்ணான தாலியான் காசே 15999. உடனடி ஆபத்து என்றால் 999, அல்லது நேராகப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவு. "போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ" என்று இன்னும் பலர் பயந்து மறைக்கிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இலேயே நீக்கப்பட்டுவிட்டது. உங்கள் பிள்ளை நோயாளி, குற்றவாளி இல்லை.

நான்காம் படி: இரவை விட்டுவிட்டு, காலையைப் பிடியுங்கள்

எல்லாரும் "சீக்கிரம் படு" என்பதிலிருந்துதான் ஆரம்பிப்போம். அது பலிக்காது. தூக்கம் வராத பிள்ளையை ஒன்பது மணிக்குக் கட்டிலில் தள்ளினால், மூன்று மணி நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கவலைப்படப் பழகும். நம் கையில் இருப்பது எழும் நேரம் மட்டும்தான். அதைக் கட்டிப்போட்டால் உறங்கும் நேரம் தானாக இழுபட்டு வரும்.

முதலில் காலையிலிருந்து நிமிடங்களை மீட்டெடுங்கள். எங்கள் வேன்காரர் எங்கள் பிளாட்டில்தான் முதலில் பிள்ளையை ஏற்றுவார். பிறகு அரை மணி நேரம் ஊரைச் சுற்றுவார். என் கணவர் அவரிடம் போய், "அண்ணே, எங்க பையனைக் கடைசியா ஏத்திக்க முடியுமா?" என்று கேட்டார். அடுத்த மாதத்திலிருந்து ஒத்துக்கொண்டார். சட்டை, புத்தகப்பை, காலுறை எல்லாம் இரவே தயார். 5.45 என்பது 6.10 ஆனது. வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூக்கம், காசு செலவில்லாமல் கிடைத்தது. இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

அடுத்து வாரக் கடைசி. மதியம் 12 மணி வரை தூங்குபவனை ஒரேயடியாக ஏழு மணிக்கு எழுப்பாதீர்கள், பாவம், அது கடன்பட்ட உடம்பு. முதல் வாரம் 10.30, அடுத்த வாரம் 9.30, பிறகு 8 மணிக்குள். பள்ளி நாளைவிட ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகாமல் நிறுத்துங்கள். மீதிக் கடனை அன்று இரவு சீக்கிரம் படுத்துத் தீர்க்கலாம்.

பிறகு வெளிச்சம். வீட்டுக் குழல்விளக்கின் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). மேகமூட்டமான பகலில்கூட வாசலுக்கு வெளியே பல ஆயிரம் லக்ஸ். பள்ளி நாளில் 6.10-க்கு வெளிச்சம் கிடைக்காது. ஆகவே எழுந்ததும் வீட்டின் எல்லா விளக்கையும் போடுங்கள், இடைவேளையில் பத்து நிமிடமாவது திடலில் நிற்கச் சொல்லுங்கள். சனி, ஞாயிறு எட்டு மணிக்கு அவனை வெளியே கூட்டிப்போய்விடுவது எங்கள் வழக்கமாயிற்று. சந்தைக்கு, கோயிலுக்கு, சும்மா பட்டர்வொர்த் கடற்கரைக்கு. அரை மணி நேரம் போதும்.

ஐந்தாம் படி: மதியமும் மாலையும்

பள்ளி விட்டு வந்து மூன்று மணி நேரம் தூங்கினால் இரவுத் தூக்கத்துக்குப் பசி இருக்காது. அதற்காக முழுவதும் தடுக்கவும் வேண்டாம். சாப்பிட்டதும், நான்கு மணிக்குள், 20 முதல் 30 நிமிடம் படுக்கட்டும். அலாரம் வைத்துக்கொள்ளட்டும். முதல் வாரம் அவனை எழுப்புவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. முகத்தில் ஈரத்துணி, கையில் ஒரு தட்டு கொய்யா, நேராக வாசல் நடைபாதை. எழுந்த பிள்ளையைத் திரும்ப சோபாவில் மட்டும் உட்கார விடாதீர்கள்.

தே, கோப்பியில் இருக்கும் காஃபின் விஷயத்தில் நாம் கண்டும் காணாமல் இருக்கிறோம். நாம் விழித்திருக்கும் நேரம் முழுக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது சேரச் சேரத்தான் தூக்கம் அழுத்தும். காஃபின் போய் அதன் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறது, அதனால் தூக்கம் அழுத்துவது தெரியாது. உடம்பில் அந்தக் காஃபினில் பாதி குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். என் மகன் டியூசனுக்குப் போகும்முன் கீழே இருக்கும் மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) மாலை ஏழரை மணிக்கு ஒரு தே ஐஸ் (ஐஸ் போட்ட பால் தேநீர்) குடிப்பான். நள்ளிரவு 12.30-க்கு அதில் பாதி அவன் உடம்பில்தான் இருந்திருக்கும். பகல் 2 மணிக்கு மேல் தே, கோப்பி வேண்டாம் என்று பேசி முடிவு செய்தோம். அவன் சிராப் ஐஸுக்கு மாறினான். எனர்ஜி டிரிங்க் எந்த நேரத்திலும் வேண்டாம்.

டியூசன் பற்றி நான் சொல்வது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். வாரத்தில் ஐந்து இரவு டியூசனுக்கு அனுப்பிவிட்டு, பிள்ளை தூங்கவில்லை என்று நான் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒரு டியூசன் ஆசிரியர் இரவு 11.15-க்குக் குழுவில் பாடம் அனுப்பி, காலைக்குள் முடிக்கச் சொல்வார். இரண்டு பாடங்களை நிறுத்தினோம். உறவுக்காரர்கள் "எஸ்.பி.எம். நேரத்துல இப்படியா?" என்றார்கள், ஐந்தாம் படிவ முடிவில் வரும் அரசாங்கத் தேர்வைச் சொல்லி. படித்ததை மூளை பதிய வைப்பதே தூக்கத்தில்தான். ஐந்து மணி நேரத் தூக்கத்தோடு படிக்கும் மூன்றாவது மணி நேரப் பாடம் தலையில் நிற்காது. அடுத்த சோதனையில் அவன் கணக்கு மதிப்பெண் குறையவில்லை, அறிவியலில் கொஞ்சம் ஏறியது.

மாலை ஐந்து மணிக்கு மேல் பந்தோ, சைக்கிளோ, ஏதாவது வேர்க்க விளையாடட்டும். தூக்கத்துக்கும் நல்லது, சோர்ந்த மனசுக்கும் நல்லது.

ஆறாம் படி: இரவு

போன். அதன் நீல வெளிச்சம்தான் எதிரி என்று எல்லாரும் சொல்கிறோம். வெளிச்சம் கொஞ்சம் கெடுக்கும், உண்மைதான். அதைவிட அதிகமாகக் கெடுப்பது அதிலிருந்து வரும் சேதி. "யார் என்ன சொன்னார்கள், என்னை ஏன் விட்டுவிட்டார்கள்" என்று துடிக்கும் மனசை, நீல வெளிச்சத்தைக் குறைக்கும் எந்த மஞ்சள் திரையும் தூங்க வைக்காது.

எங்கள் வீட்டில் செய்தது இது. அடுப்படி மேசையில் ஒரு நீட்டிப்பு வயர். இரவு 9.45-க்கு மூன்று போனும் அங்கே சார்ஜுக்குப் போகும். மூன்றும்தான், என்னுடையதும் அவன் அப்பாவுடையதும் சேர்த்து. முதல் வாரம் ஹாலில் உட்கார்ந்து வீடியோ பார்க்க முடியாமல் தவித்தது நாங்கள்தான், அவன் இல்லை. "அலாரத்துக்குப் போன் வேணும்" என்பான், ஒரு சாதாரண அலாரக் கடிகாரம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். பிடுங்குவது வேறு, பேசி ஒப்புக்கொள்வது வேறு. ஒரு நாள் அவன் மீறினால் மறுநாள் காலையில் பேசுங்கள், நடு இரவில் சண்டை வேண்டாம்.

கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்குங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்கையை விட்டுத் தள்ளி உட்கார்ந்து, பத்து நிமிடம் ஒரு தாளில் மனதில் ஓடுவதை எழுதட்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே நாளை செய்யக்கூடிய ஒரு சின்னக் காரியம். நீங்கள் படிக்கக் கூடாது. என் மகன் எழுதி நான்காக மடித்து பென்சில் பெட்டியில் வைப்பான். நான் இதுவரை திறந்ததில்லை.

நம் ஊர் வெக்கையில் தூங்க உடம்பு குளிர வேண்டும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன் வெதுவெதுப்பான நீரில் குளித்தால், தோலுக்கு ரத்தம் வந்து உடம்புச் சூடு வெளியேறிவிடும். விசிறி, மெல்லிய பருத்தித் துணி, திறந்த ஜன்னல், அவ்வளவு போதும். குளிர்சாதனம் இல்லாத வீட்டில் தூங்க முடியாது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

படுத்து இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லையா? எழுந்து வெளியே வரட்டும். மங்கலான விளக்கில் ஏதாவது சலிப்பான வேலை, பழைய பத்திரிகை, துணி மடிப்பது. கண் சொக்கினால் திரும்பப் போகட்டும். கட்டில் என்றால் தூக்கம் என்று மூளை பழக வேண்டும். அதனால் வீட்டுப்பாடமும் கட்டிலில் வேண்டாம். என் மகன் முதல் சில நாள் இரண்டு முறை எழுந்து வந்தான். பத்தாம் நாள் வாக்கில் ஒரு முறை. அப்புறம் எப்போது நின்றது என்றே எனக்கு நினைவில்லை.

படுக்கும் நேரத்தை மூன்று நாளுக்கு ஒருமுறை பதினைந்து நிமிடமாக முன்னுக்குக் கொண்டுவாருங்கள். எங்களால் 10.15 வரைதான் வர முடிந்தது. மதியத் தூக்கத்தோடு சேர்த்தால் எட்டு மணி நேரம் கணக்குக்கு வந்துவிடுகிறது.

இங்கே பாட்டி சொன்ன ஒன்றையும் எழுத வேண்டும். ஒரு விடிகாலை அவன் பயந்துபோய் வந்தான். கண் திறந்திருக்கிறதாம், கைகால் அசையவில்லையாம், நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்த மாதிரி இருந்ததாம். "அமுக்குவான் பேய்டா" என்று பாட்டி திருநீறு பூசிவிட்டார். பூசியதில் தவறில்லை, அவனுக்கு அது ஆறுதல். ஆனால் காரணமும் தெரிய வேண்டும். கனவுத் தூக்கத்தில் உடம்பு அசையாமல் இருக்க மூளை தசைகளைப் பூட்டி வைக்கும். பூட்டுத் திறப்பதற்குள் விழிப்பு வந்துவிட்டால் இப்படி ஆகும். சில நொடிகளிலிருந்து ஓரிரு நிமிடத்தில் சரியாகிவிடும். தூக்கம் குறைந்தவர்களுக்கும் நேரம் மாறி மாறித் தூங்குபவர்களுக்கும் இது அதிகம் வரும். இதைச் சொன்னதும் அவன் முகத்தில் வந்த தெளிவு எனக்கு மறக்காது. தூங்கவே பயந்துகொண்டிருந்திருக்கிறான்.

ஏழாம் படி: டாக்டரிடம் எப்போது, எப்படி

இவற்றையெல்லாம் நான்கு வாரம் செய்தும் மாற்றம் இல்லை என்றால் போங்கள். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் போங்கள்:

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ருசி இல்லாமல், சாப்பாடு, நண்பர்கள், பிடித்த விளையாட்டு எல்லாவற்றிலும் ஒதுங்கி இருப்பது. பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறுவது, இதற்கு உள்நாக்குப் பக்கச் சதை, உடல் எடை போன்ற காரணங்கள் இருக்கலாம். படுத்தால் கால் குறுகுறுவென்று நிம்மதியில்லாமல் இருப்பது, இதற்கு இரும்புச்சத்துக் குறைவு காரணமாக இருக்கலாம், ரத்தச் சோதனையில் தெரிந்துவிடும். பத்து மணி நேரம் தூங்கியும் பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கி விழுவது. மூன்று மணி நேரமே தூங்கி, களைப்பே இல்லாமல் நாட்கணக்கில் படபடவென்று பேசித் திரிவது. கடைசியாகச் சொன்னதைப் பலர் "நல்ல உற்சாகம்" என்று விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள்.

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்)தான். அங்கேயே மனநலத்துக்கான கேள்வித்தாள் கொடுத்துப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். பதினெட்டு வயது ஆகாத பிள்ளை, நீங்களும் கூடவே போங்கள். ஆனால் சிறிது நேரம் டாக்டரோடு தனியாகப் பேச விட்டு வெளியே வந்துவிடுங்கள். அந்தப் பயிற்சிப் புத்தகத்தை எடுத்துப் போங்கள். எங்கள் டாக்டர் அதைப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்விகள், நாங்கள் வெறுங்கையோடு போயிருந்தால் வந்திருக்காது.

தாத்தாவின் தூக்க மாத்திரை, தூக்கம் வரும் சளி மருந்து, மெலட்டோனின் மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் பரிந்துரைப்பது பேச்சுவழிச் சிகிச்சையைத்தான், மேலே சொன்ன கட்டில் பழக்கமும் அதில் ஒரு பகுதி. மனச்சோர்வுக்கு டாக்டர் மருந்து கொடுத்தால் பயப்படாமல் கொடுங்கள், தேறியது போலத் தெரிந்ததும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கோயிலுக்குப் போவதையும் நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். நாங்கள் முனீஸ்வரர் கோயிலுக்கும் போனோம், கிளினிக்குக்கும் போனோம். கோயிலில் பொங்கல் வைக்க நாள் பார்த்துக்கொண்டு கிளினிக்கைத் தள்ளிப்போட்ட குடும்பத்தையும் எனக்குத் தெரியும். அது மட்டும் கூடாது.

பள்ளியிலும் சொல்லுங்கள். ஆலோசனை ஆசிரியரிடம் போனால் பிள்ளைக்குப் பெயர் கெட்டுவிடும் என்று நானும் நினைத்தேன். அவரோ, முதல் பாடவேளையில் அவன் இடத்தை ஜன்னல் பக்கம் மாற்ற ஏற்பாடு செய்தார். வாட்ஸ்அப் குழு விஷயத்தையும் பெயர் சொல்லாமல், வகுப்பு முழுவதற்குமான பேச்சாக எடுத்துக்கொண்டார்.

எட்டாம் படி: மறுபடி கெடும்போது

கெடும். தீபாவளி வரும், பள்ளி விடுமுறை வரும், ஒரு கால்பந்து ஆட்டம் விடிகாலை மூன்று மணிக்கு வரும். எங்களுக்கு ஆண்டு இறுதி விடுமுறையில் எல்லாம் குலைந்தது. எழும் நேரம் திரும்ப 11 மணிக்குப் போய்விட்டது, மனசின் எண்ணும் கூடவே இறங்கியது. நான் பதறிப்போய் மறுபடி கத்த இருந்தேன்.

அவன்தான் பள்ளி திறக்கப் பத்து நாள் இருக்கும்போது அந்தப் பயிற்சிப் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்தான். புதுப் பக்கத்தில் தேதி போட்டான். "தினமும் அரை மணி நேரம் முன்னாடி எழுப்பி விடும்மா, எட்டு நாள்ல ஏழு மணிக்கு வந்துடும்" என்றான். முதல் நாள் 10.30-க்கு ஜன்னல் திரையை விலக்கினேன். எழுந்து உட்கார்ந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, மனசுக்கு எத்தனை என்று கொஞ்ச நேரம் யோசித்து 6 என்று எழுதினான்.